இரவு வானில் ஒரு குரல்

திருச்செந்தூர் அலையோசை அடங்காத ஊர். கடலோரத்தில் முருகன் கோயில் கொண்ட அப்பதியைச் சீரலைவாய் என்று பழந்தமிழர் அழைத்தனர். பகற்பொழுதில் மக்கள் எழுப்பும் ஓசை அங்கே அலையோசையையும் வென்றுவிடும். அடியவர் முழக்கமும், வணிகர் கூவலும், வண்டிகளின் இரைச்சலும் கலந்து ஒலிக்கும். நள்ளிரவில் அவையெல்லாம் ஓய்ந்தபின், ஒன்பது நிலைக் கோபுரம் இருளில் நிமிர்ந்து நிற்க, கடல் ஒன்றே பேசிக்கொண்டிருக்கும்.

ஐப்பசித் திங்களில் ஓர் இரவு. ஊருக்குத் தெற்கே, விளக்கொளி எட்டாத மணல்மேட்டில் முதிய மீனவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அருகில் அவருடைய பேரன் இருந்தான். ஒன்பதாம் வகுப்பில் படிப்பவன். விடியுமுன் கடலுக்குச் செல்ல வேண்டிய வள்ளம் கரையில் கிடந்தது. வடக்கேயிருந்து வாடை மெல்ல வீசிற்று. அப்போது அவர்கள் தலைக்குமேலே, மிக்க உயரத்தில், ‘சீ’ என்று மெல்லிய குரல் ஒன்று எழுந்து, உடனே அடங்கியது. சிறிது நேரத்தில் அதே குரல் தெற்கே, கடலின் பக்கமாகக் கேட்டது.

“தாத்தா! அது என்ன பறவை?” என்றான் சிறுவன்.

“உனக்கும் கேட்டதா, தம்பி? நல்ல செவி உனக்கு. அதன் பெயர் எனக்குத் தெரியாது. வாடைக் காற்றுத் தொடங்கும் நாளில் ஆண்டுதோறும் இத்தகைய குரல்கள் வடக்கேயிருந்து வந்து தெற்கே போகும். நாம் பேசினால் அவை கேட்கமாட்டா. வாய்மூடி இருந்தால் கேட்கும்.”

“பெயர் தெரியாத பறவையை எவ்வாறு அறிவது?”

“பெயர் தெரியவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள், பிறகு அறியலாம்.”

எழுத்தறியாத அம்முதியவர் கூறிய இச்சொல், அறிவியலின் முதற்பாடம் என்று கூறினால் மிகையாகாது. கண்ணுக்குத் தோன்றாத பறவையைக் குரலால் மட்டும் இன்னது என்று துணிவது அரிய கலை. அக்கலை தோன்றிய வரலாறு, ‘தெரியவில்லை’ என்று பொறுமையோடு சொல்லத் துணிந்தவர்களின் வரலாறேயாகும்.

பறவைகள் குளிருக்கும் பசிக்கும் அஞ்சி ஒரு நிலத்தினின்று மற்றொரு நிலத்திற்குச் சென்று, பருவம் மாறியதும் மீள்வதனை வலசை என்பர். கழுகும் நாரையும் போன்ற பெரும்பறவைகள் பகலில் எழும் வெப்பக் காற்றின்மேல் சிறகு விரித்து மிதந்து செல்லும். சிறுபறவைகளில் மிகப் பலவோ இரவிலேதான் நெடும்பயணம் செய்கின்றன. இதற்குக் காரணங்கள் உண்டு. இரவுக் காற்றுக் குளிர்ந்தது. பெரும்பாலும் அலைவு குறைந்தது. ஆகவே உடலின் நீர் வற்றாது, உழைப்பும் குறையும். பகலில் வேட்டையாடும் வல்லூறு முதலியவை இரவில் உறங்கும். பகற்பொழுதோ இரை தேடுவதற்கு எஞ்சி நிற்கும். இருளில் வழி காட்டுவன விண்மீன்கள். அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் எம்லன் செயற்கை வான்மண்டபத்தில் சிறுபறவைகளைக் கூண்டில் வைத்து ஆராய்ந்து, அவை விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு திசை அறிகின்றன என்று 1967-ஆம் ஆண்டில் எழுதினார்.

இவ்வாறு இரவில் செல்லும் பறவைகளுள் பூங்குருவி இனத்தவை குறிப்பிடத்தக்கவை. செந்தலைப் பூங்குருவிகளுள் ஒரு பிரிவு இமயமலை அடிவாரத்திலிருந்து தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருகின்றது. கறுப்பும் வெள்ளையும் கலந்த மற்றொரு பூங்குருவி இமயமலையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைப் பெரும்பாலும் இலங்கையின் மலைநாட்டில் கழிக்கின்றது. இமயத்தில் பிறந்த குஞ்சு, பிறந்த ஆண்டிலேயே இத்துணைத் தொலைவு கடந்து ஈழத்து மலையில் இரை தேடுகின்றது என்றால், அதன் சிறு நெஞ்சின் உறுதியை என்னென்பது!

பறவையின் குரலுக்குச் செவி கொடுப்பது தமிழர்க்குப் புதியதன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருளைத் தொகுத்த தொல்காப்பியர், அவற்றுள் புள்ளையும் ஒன்றாக வைத்தார். கடற்கரையாகிய நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள், பனைமரத்தில் இருந்து இரவில் ஒலிக்கும் அன்றிலின் குரலைக் கேட்டுத் தலைவி துயர் மிகுவதாகக் கூறினர். சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூது விடுத்தபோது, அது தென்குமரியில் நீராடி வடதிசைக்கு மீளும் என்பதை அறிந்தே பாடினார். பறவை வரும் திசையும் போகும் பருவமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

நாட்டுப்புற மக்களும் குரலைக் கொண்டே பெயரிட்டனர். ஆறுமணிக்குருவி என்று ஒரு பறவை உண்டு. முதுகு பச்சை, மார்பு இளமஞ்சள், வாலின் அடி செம்மை, சிறகில் நீலம், கண்ணின்மேல் கரிய கோடு. இத்தனை வண்ணம் இருந்தும் தமிழர் அதற்கு நிறத்தால் பெயரிடவில்லை. காலையும் மாலையும் ஆறுமணி அளவில் அது இரண்டு சீழ்க்கை ஒலி எழுப்புதலை உற்றுக் கேட்டு, ஆறுமணிக்குருவி என்றனர். அதுவும் வடக்கேயிருந்து இரவில் பறந்து வருவது. வழியில் களைத்து, வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் விழுந்து கிடப்பதைத் தமிழ்நாட்டில் பலர் கண்டிருக்கின்றனர். பறவை நூல் வல்லுநராகிய ஜெர்டன், தாம் முதன்முதல் கண்ட ஆறுமணிக்குருவி சென்னைப் பொது மருத்துவமனையில் அடைக்கலம் புகுந்திருந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறித்தார். அவர் அதனைத் தரைப் பூங்குருவி என்றே அழைத்தார். இன்றைய பகுப்பில் அது பூங்குருவி இனத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அன்றைய அறிஞர் கண்ணுக்கு அவ்வாறே தோன்றியது. கண் தவறிய இடத்தில் ஊராரின் செவி தவறவில்லை.

ஆனால் ஆறுமணிக்குருவியின் சீழ்க்கை, கிளையிலோ தரையிலோ இருந்து எழுப்பும் குரல். வானில் பறக்கும்போது பறவை எழுப்பும் அழைப்போ வேறு. பாட்டு நீளமானது, இசை நிறைந்தது, துணையை அழைப்பதற்கும் தன் இடத்தைக் காப்பதற்கும் உரியது. பறப்பு அழைப்பு மிகக் குறியது. கண் இமைக்கும் நேரத்தில் முடிவது. இருளில் பறக்கும் பறவைகள் ஒன்றையொன்று பிரியாமலும், ஒன்றன்மேல் ஒன்று மோதாமலும் செல்வதற்கு அஃது உதவுகின்றது என்று அறிஞர் கருதுகின்றனர். இரவில் காட்டுவழி செல்வோர் ‘வருகிறாயா?’ ‘வருகிறேன்’ என்று குரல் கொடுத்துச் செல்வது போன்றது அது.

இக்குரல்களை முறையாக எண்ணும் பணி அமெரிக்காவில் தொடங்கியது. ஓரின் லிபி என்பவர் வரலாறு கற்றவர். அவர் 1896 செப்டம்பரில் ஓர் இரவு, விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகருக்கு அருகே ஒரு சிறு குன்றின்மேல் அமர்ந்து, வானத்தில் எழுந்த அழைப்புகளை எண்ணினார். அவ்வோர் இரவில் அவர் எண்ணியவை 3,800. அவற்றுள் எத்தனை எந்தப் பறவைக்கு உரியவை என்று பிரித்தறிய அன்று வழியில்லை. ஆயினும் எண்ணியதை எண்ணியவாறே 1899-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், ரிச்சர்டு கிரேபர், வில்லியம் காக்ரன் என்னும் இருவர் இல்லினாய் மாநிலத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வானை நோக்கி வைத்து, இரவுக் குரல்களை நாடாவில் பதியும் முறையை 1959-இல் விளக்கினர். அதனால் ஒருமுறை கேட்டு மறைந்த குரலை மறுமுறையும் கேட்டு ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது.

1985-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் வில்லியம் எவான்ஸ் என்னும் இளைஞர் மினசோட்டா மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் இரவு தங்கினார். அவ்விரவு முழுவதும் தலைக்குமேல் பறவைக் குரல்கள் சென்றுகொண்டே இருந்தன. அவற்றைப் பதிந்து, ஒவ்வொன்றும் எப்பறவையின் குரல் என்று அறிவதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். அவர் வகுத்த ஒலிவாங்கி விலையுயர்ந்ததன்று. சாதாரணப் பூந்தொட்டி ஒன்றினுள் ஒலிவாங்கியை வைத்து, மழை நீர் புகாதவாறு மெல்லிய நெகிழித்தாளால் மூடி, வானை நோக்கி நிறுத்தினார். கருவி எளியது, பொறுமையே பெரியது.

இருளில் குரல் கொடுக்கும் பறவையின் பெயரை எவ்வாறு துணிவது? முதலாவது, விடியற்காலத்தில் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் பறந்த பறவைகள் ஒளி வந்த பின்னும் சிறிது நேரம் அதே அழைப்பை எழுப்பிக்கொண்டு பறக்கும். அப்போது செவி கேட்ட குரலுக்கும் கண் கண்ட உருவத்திற்கும் தொடர்பு ஏற்படும். இரண்டாவது, வளையம் இடுவதற்காகப் பிடித்த பறவைகளின் அழைப்பைப் பதிந்து, இரவுப் பதிவோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது, பருவத்தையும் இடத்தையும் சீர்தூக்க வேண்டும். அந்நாளில் அவ்வழியே செல்லாத பறவையின் பெயரை அக்குரலுக்கு இடுதல் தகாது. நான்காவது, ஒலிப்படம். ஒலியின் காலத்தைக் கிடைக்கோட்டிலும், அதன் ஏற்ற இறக்கத்தை நெடுக்கோட்டிலும் காட்டும் படம் அது. செவிக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு குரல்கள் படத்தில் வெவ்வேறு வளைவுகளாகத் தோன்றும்.

பூங்குருவிகளின் அழைப்பு, பிற சிறுபறவைகள் பலவற்றின் அழைப்பைவிடத் தாழ்ந்த சுருதியுடையது. ஆதலின் முதியோர் செவிக்கும் அது எட்டும். ஆயினும் மயக்கம் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவில் வாழும் ஒருவகைப் பூங்குருவியின் இரவு அழைப்பு, அந்நாட்டுச் சிறு தவளை ஒன்றின் குரலை ஒத்தது. ‘வானத்தில் தவளை கத்துமோ?’ என்று கேட்டவர் திகைப்பர். இத்தகைய மயக்கத்தையும் தெளிந்தபின்னரே பெயர் கூறுதல் வேண்டும்.

செவியின் வெற்றிக்குப் பிக்னெல் பூங்குருவியின் வரலாறு சிறந்த சான்றாகும். 1881-ஆம் ஆண்டில் யூஜின் பிக்னெல் என்பவர் நியூயார்க் மாநிலத்துக் கேட்சுகில் மலையில் ஒரு பூங்குருவியைக் கண்டெடுத்தார். அது முன்பே அறியப்பட்டிருந்த சாம்பல் கன்னப் பூங்குருவியை உருவத்திலும் நிறத்திலும் பெரிதும் ஒத்திருந்தது. ஆதலின் நெடுங்காலம் இரண்டும் ஒரே இனம் என்றே கருதப்பட்டன. கையில் வைத்துப் பார்ப்போரும் அவற்றைப் பிரித்தறிய இடர்ப்படுவர். ஆனால் அவற்றின் பாட்டைக் கேட்டவர்கள் வேறுபாடு கண்டனர்: ஒன்றன் பாட்டு முடியும்போது தாழ்கின்றது, மற்றதன் பாட்டுத் தாழாமல் நிற்கின்றது, அன்றி உயர்கின்றது. அவற்றின் இரவு அழைப்புகளும் வேறு என்பதை எவான்ஸ் 1994-இல் எழுதினார். உருவ அளவு, வாழிடம், குரல் ஆகியவற்றை ஆராய்ந்தபின், 1995-இல் அமெரிக்கப் பறவையியலார் பிக்னெல் பூங்குருவியைத் தனி இனமாக ஏற்றனர். சாம்பல் கன்னப் பூங்குருவி தென் அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தைக் கழிப்பது. பிக்னெல் பூங்குருவியோ கரிபியக் கடலில் உள்ள இஸ்பானியோலாத் தீவை முதன்மையாக நம்பி வாழ்வது. அத்தீவின் காடு அழிந்தால் முதலாவது பறவைக்குக் கேடில்லை, இரண்டாவதற்கோ உயிர்க்கேடு. இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தால் அழிவது தெரியாமலே ஓர் இனம் அழிந்துபோகலாம். ஒரு குரலைச் சரியாகக் கேட்பதில் இத்துணைப் பொருள் அடங்கியிருக்கின்றது.

தமிழ் கற்போர் இதனை எளிதில் உணர்வர். வலி என்பது துன்பம். வளி என்பது காற்று. வழி என்பது நெறி. லகரமும் ளகரமும் ழகரமும் அயலார் செவிக்கு ஒன்றுபோல் தோன்றலாம். பயின்ற தமிழன் செவிக்கோ அவை மூன்றும் மூன்று பொருள். எழுத்துகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்று ஆராய்வதற்கே தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயல் வகுத்தார். நுண்ணிய ஒலி வேறுபாட்டில் பெரிய பொருள் வேறுபாடு உண்டு என்பதை அறிந்த மக்கள், பறவையின் நுண்குரலையும் பிரித்தறியும் தகுதி உடையவர்கள் அல்லரோ?

எவான்ஸும் மைக்கேல் ஓபிரையனும் கிழக்கு அமெரிக்கப் பறவைகளின் பறப்பு அழைப்புகளைத் தொகுத்து 2002-இல் குறுந்தகடாக வெளியிட்டனர். எவான்ஸ் ஆற்றங்கரையில் குரல் கேட்ட இரவிற்கும் அத்தொகுப்பிற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் சென்றன. இன்று கணிப்பொறியே இரவுப் பதிவுகளைக் கேட்டுப் பெயர் கூறுகின்றது. அஃது உறங்காது, களைப்படையாது. ஆனால் அது தவறும் செய்யும். தவளையையும், பூச்சியையும், தொலைவில் கிறீச்சிடும் வண்டியையும் பறவை என்று கூறுவதுண்டு. அது கூறிய பெயரை மீண்டும் செவியாலும் ஒலிப்படத்தாலும் சோதித்தே ஏற்க வேண்டும். இக்கலைக்கு எல்லையும் உண்டு. எல்லாப் பறவைகளும் இரவில் அழைப்பதில்லை. சில இனங்கள் வாய்திறவாமலே கடந்துபோகும். மழையைக் காட்டும் ராடார்க் கருவி, வானில் பறவைக் கூட்டம் செல்வதைக் காட்டும். ஆனால் அப்பறவையின் பெயரைக் காட்டாது. அழைப்பு ஒன்றே இருளில் பெயர் சொல்லிச் செல்வது.

அவ்வழைப்பே பறவைக்குப் பகையாகும் காலமும் வந்துவிட்டது. நகரங்களின் பேரொளி இரவில் செல்லும் பறவைகளை ஈர்த்து மயக்குகின்றது. நியூயார்க் நகரில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ஆம் நாள் இரவில் வானை நோக்கிப் பெரிய ஒளிக்கற்றைகள் எழுப்பப்படுகின்றன. அங்கே 2008 முதல் 2016 வரை ஏழு இரவுகளில் செய்த ஆய்வு, ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகள் அவ்வொளியால் பாதிக்கப்பட்டன என்று மதிப்பிட்டது. ஒளியினுள் சிக்கியவை வட்டமிட்டுச் சுழன்று, மிகுதியாகக் குரல் எழுப்பின. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் கலைந்து தம் வழியே சென்றன. சிகாகோ, கிளீவ்லாந்து நகரங்களில் கட்டடங்களின்மேல் மோதி இறந்த பறவைகளை ஆராய்ந்தோர் 2019-இல் மற்றோர் உண்மையைக் கூறினர். இரவில் அழைக்கும் இனங்களே, அழையாத இனங்களைவிட மிகுதியாக மோதி இறக்கின்றன. வழி தவறிய ஒன்று அழைக்க, அக்குரல் கேட்ட பிறவும் அங்கே சென்று மாள்கின்றன போலும். தோழமைக்கு அமைந்த குரல், செயற்கை ஒளியினிடையே கேடு விளைக்கின்றது.

2023 அக்டோபர் 5-ஆம் நாள் இரவும் விடியலுமாகச் சிகாகோவில் கண்ணாடிச் சுவர் கொண்ட ஒரே கட்டடத்தில் மோதி ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இறந்தன. அடுத்த ஆண்டில் அக்கண்ணாடியின்மேல் சிறு புள்ளிகள் அமைந்த மென்தாளை ஒட்டினர். சாவு பெரிதும் குறைந்தது. தவறு பெரியது, திருத்தமோ எளியது. தவற்றை அறிவதற்குத்தான் மக்கள் முதலில் செவியும் கண்ணும் திறக்க வேண்டியிருந்தது.

பறவைக்காகத் தம் மகிழ்ச்சியைச் சுருக்கிக்கொள்ளும் பண்பும் தமிழகத்தில் உண்டு. திருச்செந்தூருக்கு மேற்கே, நெல்லை மாவட்டத்தில் கூந்தன்குளம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள குளத்திலும் ஊர் மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சி ஓடாதிருக்க, ஊரார் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். 1994-இல் அஃது அரசின் பறவைச் சரணாலயம் ஆயிற்று; ஆயினும் சட்டத்திற்கு முன்பே அவ்வூரார் உள்ளத்தில் சரணாலயம் அமைந்துவிட்டது. ஓசையை அடக்கிப் பறவையைக் காத்தவர்கள், வேண்டாத விளக்கை வலசைக் காலத்து நள்ளிரவில் அணைப்பதும் அரியதன்று.

மீண்டும் அம்மணல்மேட்டிற்கு வருவோம். விடிவெள்ளி எழுந்தது. முதியவர் எழுந்து வள்ளத்தை நோக்கி நடந்தார். சிறுவன் வீட்டிற்குச் சென்று, சிறு விளக்கின் முன் அமர்ந்து, தன் குறிப்பேட்டில் எழுதலானான். நாளும் நேரமும் எழுதினான். காற்று வாடை என்றும், வானம் தெளிவு என்றும் எழுதினான். குரல், ‘சீ’ என ஒருமுறை ஒலித்தது, மெல்லியது, வடக்கேயிருந்து தெற்கே சென்றது என்று எழுதினான். ‘பறவையின் பெயர்’ என்று எழுதி, அதன் எதிரே எழுதுகோலை நிறுத்தினான்.

பூங்குருவி என்று எழுத அவன் கை விழைந்தது. அன்று மாலை நூல்நிலையத்தில் அப்பெயரைப் படித்திருந்தான். அதை எழுதிவிட்டால் பக்கம் நிறைந்துவிடும். வகுப்பிலும் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் தாத்தாவின் சொல் நினைவிற்கு வந்தது. ‘தெரியவில்லை’ என்று எழுதி, அதன்கீழ் ஒரு வரி இடம் விட்டான்.

கடலில் வள்ளங்கள் புறப்படும் ஓசை கேட்டது. அடுத்த இரவு வாடை வீசுமா என்று எண்ணியபடி அவன் விளக்கை அணைத்தான்.